பாதிக் கதையை முழுப் புத்தகம் என்று விற்காதீர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. காமிக்ஸ் பற்றியா டீச்சர்மார் இவ்வளவு எழுதுவது என்று சிரிப்பவர்கள், சிரித்துவிட்டே வாசியுங்கள்.

ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டால் ஒளிகிற பிள்ளைகளுக்கு நாங்கள் காமிக்ஸ் தொகுப்புகளைத்தான் கொடுக்கிறோம். வகுப்பில் அதிகம் கைமாறியது மிஸ் மார்வல். ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளை கமலா கான். 2014இல் தனித் தொடராக வந்த கதை. இரவில் வெளியே போக விடாத வாப்பா, ஏசுகிற உம்மா, மார்க்கப்பற்றுள்ள நானா, எல்லாம் எங்கள் வீடுகளைப் போலத்தான். பத்தாம் தரத்துப் பிள்ளை ஒன்று முதல் மூன்று தொகுப்புகளையும் அகராதியோடு தானாகவே வாசித்து முடித்தது. நாலாவதை முடித்து ஐந்தாவதைத் திறந்த பிறகு வந்து கேட்டது: "டீச்சர், எனக்கு இங்கிலீஷ் விளங்கல்லயா?"

பிள்ளைக்கு இங்கிலீஷ் நல்லாவே விளங்கியிருக்கிறது. நாலாவது தொகுப்பு உலகம் அழியும் நேரத்தில் முடிகிறது. ஐந்தாவதில் உலகம் அப்படியே இருக்கிறது! மாதங்கள் பல ஓடிவிட்டன, கமலா அவெஞ்சர்ஸ் குழுவில் இருக்கிறாள், புரூனோவுக்கு ஒரு காதலியும் வந்துவிட்டாள். இடையில் நடந்தது 2015இல் தொடங்கிய சீக்ரட் வோர்ஸ் என்ற ஒன்பது இதழ் கதையில் இருக்கிறது. அதற்குத் தொகுப்பு வேறு. அது விளங்க வேண்டுமென்றால் ஜொனதன் ஹிக்மன் அதற்கு முன் எழுதிய அவெஞ்சர்ஸ் தொகுப்புகள் வேறு. ஆறாவதுக்குப் போனால் இரண்டாம் சிவில் வோர் குறுக்கே வந்து விழுகிறது.

முதலாவது சிவில் வோரும் (2006-07) இதே கதிதான். ஏழு இதழ்கள் ஒரே புத்தகமாக அழகாக இருக்கும். ஸ்பைடர்மேன் பத்திரிகையாளர் முன் முகமூடியைக் கழற்றுகிறான், பிறகு கட்சி மாறுகிறான். அவன் மனம் ஏன் மாறியது என்பதை அவனுடைய சொந்தத் தொடரில்தான் விரிவாகத் தேட வேண்டும். கெப்டன் அமெரிக்கா சரணடைவதோடு புத்தகம் முடிகிறது. அவன் நீதிமன்றப் படியில் சுடப்படுவது அவனது தொடரின் 25ஆம் இதழில். அதுவும் வேறு தொகுப்பு.

"தேவையானதை மட்டும் வாசியுங்கள்" என்கிறார்கள் சிலர். எது தேவை என்று வாசிக்காமல் எப்படித் தெரியும்? மாதாமாதம் கடைக்குப் போகிற அமெரிக்க வாசகனுக்கு எல்லா இதழும் ஒரே தட்டில் கிடைக்கும், அவனுக்கு இது ஒரு விளையாட்டு. எங்களுக்கு அந்தத் தட்டு இல்லை. 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டிய பிறகு, செப்டெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போய் ஒரு தொகுப்பு வாங்குவதற்கே வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதைகள் ஒன்றையொன்று தொடுவதில் எங்களுக்குக் கோபமில்லை. பிள்ளைகள் கொப்பியின் நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் மறுபக்கத்துத் தாளும் கழன்றுவிடும். அது தெரிந்தே கிழித்துவிட்டு, மேலே பளபளப்பான அட்டை போட்டு முழுக்கொப்பி என்று விற்பதுதான் கோபம். விடுபட்ட இதழைச் சேருங்கள். முடியாவிட்டால் நடந்ததை விளக்கமாக இரண்டு பக்கத்தில் அச்சிடுங்கள். பின்னட்டையில் முன்னால் எதை வாசிக்க வேண்டும் என்றாவது போடுங்கள். கடதாசிக்கு அப்படி என்ன பஞ்சம்?

இப்போதைக்கு ஐந்தாவது தொகுப்பின் முதல் பக்கத்தில் நாங்களே ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். எழுதியது அந்தப் பிள்ளைதான், நாங்கள் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தோம். யாரிடமாவது சீக்ரட் வோர்ஸ் தொகுப்பு இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், உறை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.