ஆறாம் மாதத்தில் கைநழுவும் குழந்தை

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சிக்கு மாதக் கணக்கு வைத்திருந்தார்கள். ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதத்தில் நடந்துவரும் வருகை. இன்றைய மருத்துவக் கணக்கும் இதிலிருந்து வெகுதூரம் விலகவில்லை. எல்லையை மட்டும் அகலமாக வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, ஒரு குழந்தை எட்டு மாதத்திலும் தனியே நடக்கலாம், பதினேழு மாதத்திலும் நடக்கலாம்; தவழாமலேயே எழுந்து நடக்கும் பிள்ளைகளும் உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தை முந்திக்கொண்டதே என்று வீடுகளில் படும் கவலையில் பெரும்பகுதி தேவையற்றது. உண்மையில் கவலைப்பட வேண்டியது குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்போது. அந்தக் கட்டத்தில்தான் குடும்பமும் சட்டமும் மருத்துவ அட்டவணையும் ஒருசேரக் கையை விடுகின்றன.

முதல் ஆண்டைப்போல வேகமாக மனித உடல் பிறகு எப்போதும் வளர்வதில்லை. பிறந்த எடை ஐந்து மாத அளவில் இரட்டிப்பாகிறது, ஓராண்டில் மும்மடங்காகிறது. ஏறத்தாழ 50 செ.மீ. நீளத்தில் பிறந்த பிள்ளை 75 செ.மீ. ஆகிறது, மூளையும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. முதல் ஆறு மாதம் இதற்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டாம். பிறகு போதாது. கருவில் சேர்த்துவைத்த இரும்புச்சத்து அதற்குள் கரைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அந்தக் குறையைத் தாய்ப்பாலோடு சேர்த்துத் தரும் இணை உணவு நிரப்ப வேண்டும். நாம் என்ன தருகிறோம்? பெரும்பாலும் பருப்புத் தண்ணீரும் நீர்த்த கஞ்சியும். வயிறு நிறைகிறது, உடல் நிறையவில்லை. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத அளவுக்குக் கெட்டியாக, குழையப் பிசைந்த சோறும் பருப்பும், அதில் கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ, கீரை, மசித்த முட்டை என்று தர வேண்டிய பருவம் இது. முட்டை மாந்தம் தரும் என்ற அச்சத்துக்கு மருத்துவத்தில் ஆதாரமில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் குறைந்தபட்சப் போதுமான உணவு கிடைப்பது சுமார் 11 விழுக்காட்டினருக்கு மட்டுமே. வறுமைதான் காரணம் என்று இதை முடித்துவிட முடியாது. வசதி மிகுந்த வீடுகளிலும் இந்த விகிதம் பெரிதாக உயரவில்லை. ‘எங்கள் வம்சமே குள்ளம்’ என்ற சமாதானமும் நிற்காது. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து 2006இல் வளர்ச்சி அளவுகோலை வெளியிட்டது. நல்ல உணவும் நலமான சூழலும் கிடைத்த டெல்லிக் குழந்தையும் நார்வேக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தார்கள். ஆனாலும் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு பேரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறார். அந்தக் குறை பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் நேர்ந்துவிடுகிறது. பின்னர் ஈடுசெய்வது கடினம்.

அரசின் தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள். 14ஆம் வாரத்துக்குப் பிறகு அடுத்த தவணை ஒன்பதாம் மாதம். இணை உணவு தொடங்க வேண்டிய மாதத்தில் தாய் மருத்துவமனைக்கு வர வேண்டிய தேவையே இல்லை. ஆஷா பணியாளர் வீடு தேடிவரும் திட்டம் 2018 முதல் இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல திட்டம்தான், ஆனால் அது தொடங்கிய பிறகு எடுத்த ஆய்விலும் போதுமான உணவு பெறுவோர் 11 விழுக்காடுதான். அங்கன்வாடி சத்துமாவு தருகிறது, அதைக் காய்ச்சி ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை பொறுமையாக ஊட்ட ஓர் ஆள் வேண்டுமே.

அந்த ஆள் எங்கே என்பதுதான் கேள்வியின் வேர். தாய்மார்களின் அலட்சியம் என்று சொல்வது அநீதி. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது விடுப்பு 26 வாரமானது. அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தவர், பிள்ளைக்கு நாலரை மாதம் ஆவதற்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும். வயலிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. தன் பெண் ஊழியர்களுக்கு 2021இல் ஓராண்டு விடுப்பு தந்தபோது, குழந்தைக்கு முதல் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும் என்பதைத் தமிழ்நாடு அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த நியாயம் சித்தாளின் பிள்ளைக்கும் பொருந்தும். எல்லோருக்கும் சம்பளத்துடன் விடுப்பு தர நிதி இல்லை என்றால், ஆறு மாதக் குழந்தையையும் ஏற்கும் காப்பகம் வேலையிடங்களுக்கு அருகே வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதையாவது கறாராக நடைமுறைப்படுத்த வேண்டும். ஆறு மாதம் நிறையும் வாரத்தில் எடையும் உயரமும் பார்த்து, ஊட்டும் முறையைச் செய்து காட்டும் ஒரு வருகையைத் தடுப்பூசி அட்டையில் அச்சிடப் புதிய மருந்தோ புதிய கட்டடமோ தேவையில்லை. அதை அரசு இந்த ஆண்டே செய்ய வேண்டும்.