தோளில் சங்கு, சக்கரம்

வடமதுரை சௌந்தரராஜப் பெருமாள் ஏந்தியிருக்கும் சங்கு, சக்கரத்தைத் தங்கள் தோளிலேயே தழும்பாகத் தாங்குபவர்கள் உண்டு. வைணவர்களின் சமாச்ரயணத்தில் உள்ள 5 சடங்குகளில் இதுதான் முதலாவது. ஹோமத் தீயில் காய்ச்சிய முத்திரையை ஆசாரியர் வலது தோளில் சக்கரமாகவும், இடது தோளில் சங்காகவும் ஒற்றி எடுப்பார். முதல்முறை போகிறவர்களுக்குப் படபடப்பு இருக்கும். ஆனால், சுரீரென்ற அந்தச் சூடு ஒரு நொடிதான்.

கவனம் வேண்டியது அதன் பிறகு. காது குத்திய இடத்திலோ, தடுப்பூசி போட்ட இடத்திலோ சிலருக்குத் தழும்பு காயத்தையும் தாண்டித் தடித்து வளரும். இதன் பெயர் கீலாய்டு. குடும்பவழியாக வரலாம்; தோள்பட்டையில் வர வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவர்களும் சர்க்கரை நோயாளிகளும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள், ஆசாரியரிடமும் சொல்லிவிடுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். காலத்துக்கும் நிற்கப்போகும் அடையாளம், நல்லபடியாக ஆறட்டும்!