படுகளத்தில் எழுப்பப்பட்டவர்கள்

மூலனூரில் மாதம் ஒருமுறை கூடிப் படிக்கும் எங்கள் சிறு வட்டத்தில், சென்ற கூட்டத்தின்போது நண்பர் ஒருவர் அண்ணன்மார் கதையின் ஒரு பகுதியைக் கைப்பேசியிலிருந்து வாசித்தார். கொங்கு வழக்கு இருந்தது, எதுகை இருந்தது, அழுவதற்கான இடமும் இருந்தது. முடித்தபின், இதை எழுதியது செயற்கை நுண்ணறிவு என்றார். உடுக்கடிப் பாட்டு அழிகிறதே என்று இனி யாரும் புலம்ப வேண்டியதில்லை, கிடைக்கும் ஒலிப்பதிவுகளையெல்லாம் இயந்திரத்துக்கு ஊட்டிவிட்டால் அது காலமெல்லாம் பாடிக்கொண்டிருக்கும் என்பது அவர் வாதம். அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். மிச்சத்தை இங்கே சொல்கிறோம்.

1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், ராமசாமி என்னும் உடுக்கைப் பாடகர் ஊரார் முன்னிலையில் பல இரவுகள் பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். அதே பாடகர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பிரதியொன்றும் உண்டு. பாடகர் ஒருவர்தான், கதையும் ஒன்றுதான். ஆனால் இரண்டு பிரதிகளும் ஒன்றல்ல. 1982இல் வெளியான தம் நூலில் இந்த வேறுபாட்டை பெக் ஆராய்ந்திருக்கிறார். எழுத்தருக்குச் சொன்னபோது எதிரே ஊர் இல்லை என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. பின்பாட்டுக்காரர் இல்லை, நள்ளிரவில் கண்ணயரும் கிழவர் இல்லை, தங்காள் புலம்பும் இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பெண்கள் இல்லை. பாடிய மனிதனுக்கே கேட்பவர் இல்லாதபோது கதை வேறாகிவிடுகிறதென்றால், கேட்பவர் என்றால் என்னவென்றே அறியாத ஒன்று எதைப் பாதுகாக்கப்போகிறது?

நாட்டார் கதை மாறிக்கொண்டேதானே இருக்கிறது, இயந்திரமும் மாற்றிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். மாறுகிறதுதான். கலைஞர் கருணாநிதி 'பொன்னர் சங்கர்' என்று நாவலாக்கினார். 2011இல் அது திரைப்படமானது. அந்த நாவலோடு எங்களில் சிலருக்குத் தீராத சண்டை உண்டு. சண்டையிட அங்கே ஒரு பெயர் இருக்கிறது. ஊர்க்கோயில் பாடகன் ஓரிடத்தை மாற்றினால், மறுநாள் காலையிலேயே டீக்கடையில் அவனைப் பிடித்துக்கொள்வார்கள். இயந்திரத்தை எந்த டீக்கடையில் பிடிப்பது?

இது வெறும் ஊகமல்ல. தனுஷ் நடித்து 2013இல் வந்த 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி'யை, 2025 ஆகஸ்ட் 1 அன்று ஈராஸ் நிறுவனம் மறுவெளியீடு செய்தது. மூலத்தில் நாயகன் இறந்துபோகிறான். புதிய வடிவத்தில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவனைப் பிழைக்கவைத்துவிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார். படத்தின் ஆன்மாவே பறிக்கப்பட்டுவிட்டது என்னும் பொருள்பட தனுஷும் அறிக்கை விட்டார். பயன் ஏதுமில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி திரைப்படத்தின் 'ஆசிரியர்' தயாரிப்பாளரே; இயக்குநர் அல்ல. படைத்தவனுக்குத் தன் படைப்பில் ஒரு சாவைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட உரிமையில்லை!

அண்ணன்மார் கதையிலும் இறந்தவர்கள் எழுகிறார்கள். பெரியகாண்டியம்மன் அருளால் தங்காள் படுகளத்தில் அண்ணன்மாரை எழுப்புகிறாள். கொஞ்சம் பேசுகிறார்கள், மறுபடி போய்விடுகிறார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் தங்க மாட்டார்கள். வீரப்பூரில் மாசிதோறும் மனிதர்கள் பிணமாகச் சாய்ந்து, தீர்த்தம் தெளித்து எழுப்பப்படுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். நிரந்தரமாகப் பிழைக்கவைப்பது எந்தப் பாடகனுக்கும் எளிது. இத்தனை தலைமுறையில் ஒருவனும் அதைச் செய்யத் துணியவில்லை. வசூலுக்காக அதை ஒரே வாரத்தில் செய்துவிடக்கூடிய காலம் வந்திருக்கிறது என்பதே எங்கள் அச்சம்.

கைத்தறி போய் விசைத்தறி வந்தபோதும் இப்படித்தான் அழுதீர்கள் என்று எங்கள் பக்கத்து ஜவுளிக்காரர்கள் சிரிப்பார்கள். விசைத்தறி ஏழைக்குத் துணி கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் 1985இல் கைத்தறிக்கென ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. இன்றும் 11 ரகங்களை விசைத்தறியில் நெய்யக்கூடாது. (மீறல் இல்லாமலில்லை, மீறல் என்று சொல்லவாவது சட்டம் இருக்கிறது.) ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023இல் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தம்மிடம் தரப்படும் பிரதியில் இயந்திரம் எழுதியது உண்டா என்பதை நிறுவனம் சொல்லியாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகுதான் பேனாவைக் கையிலெடுத்தார்கள். தமிழ்ச் சிற்றிதழ்களோ இதை ஒரு கேள்வியாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்றே எங்களுக்குப் படுகிறது.

இதழாசிரியர்களிடம் நாங்கள் கேட்பது: இயந்திரம் எழுதியதை அச்சிட்டால் அதற்கடியில் அப்படியே போடுங்கள். பாடகர்களைப் பதிவு செய்யக் கிளம்புகிறவர்களிடம் கேட்பது: அந்தக் குரல் எந்த இயந்திரத்துக்குப் போகப்போகிறது என்பதைப் பாடகரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், சம்மதம் வாங்குங்கள், பணம் கொடுங்கள். எங்களையே கேட்டுக்கொள்வது ஒன்றும் உண்டு. உடுக்கைப் பாட்டு அழிகிறது என்று கூட்டத்தில் பேசிய எங்களில், கடைசியாக விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். இரண்டு பேர். மாசியில் வீரப்பூர் போவதென்று முடிவாகியிருக்கிறது. அந்த நண்பரும் வருகிறார்.