35 புள்ளியின் காவலர்கள்

பாடசாலையை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு, அது செய்துகாட்டிய வேலையை வைத்துச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று யார் சொன்னாலும், மாத்தளையில் உடனே ஒரு மறுப்பு எழுகிறது. "செயற்றிட்டமெல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்குச் சரி. எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்கு இருப்பது சாதாரண தரம் ஒன்றுதான். எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். திருத்துபவருக்குப் பிள்ளையின் முகம் தெரியாது. அதைக் கெடுத்தால் செல்வாக்குப் புகுந்துவிடும், தரமும் விழும்" என்கிறார்கள். ஏழைப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் இந்த வாதம், அந்தப் பிள்ளையின் கழுத்தைத்தான் நெரிக்கிறது.

ஒரே வினாத்தாள் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். எல்கடுவைக்கு மேலே உள்ள தோட்டப் பிள்ளையும் கண்டி நகரத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ள 1ஏபி பாடசாலைப் பிள்ளையும் ஒரே காலையில் ஒரே விஞ்ஞான வினாத்தாளை எழுதுகிறார்கள் என்பது உண்மை. ஒருவர் பரிசோதனையைத் தன் கையால் செய்தவர், சனி ஞாயிறு டியூஷனுக்குப் போனவர். மற்றவர் அதே பரிசோதனையைப் பாடநூலில் படமாக மட்டும் பார்த்தவர். திருத்துபவருக்கு முகம் தெரியாதுதான். ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடம் விடைத்தாளின் ஒவ்வொரு வெற்றிடத்திலும் தெரிகிறதே. பரீட்சைத் திணைக்களத்தின் கண்டிப்பு மதிக்கத்தக்கது. ஆனால் திருத்துவதில் உள்ள நேர்மையைத் தூக்கிக் காட்டி, கற்பித்ததில் நடந்த அநீதியை மூடிவிட முடியாது.

அடுத்தது தரம். இங்கேதான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. சாதாரண தரக் கணிதத்தில் 35 புள்ளி எடுத்தால் சித்தி. கேட்டதில் 65 வீதம் தெரியாமல் போனாலும் சித்திதான். தெரியாத 65 எது? சதவீதம் தெரியாதா, கேத்திரகணிதம் தெரியாதா? சான்றிதழ் வாய் திறக்காது. 34 எடுத்த பிள்ளைக்கு எது தெரியும் என்பதையும் அது சொல்லாது. இந்த அளவுகோலைக் காத்து நிற்பவர்கள்தான் மற்றவர்களைப் பார்த்துத் தரம் விழுந்துவிடும் என்கிறார்கள்.

தேர்ச்சியை வைத்து முடிவு செய்யும் முறையில் இரண்டே முடிவுகள்: தேர்ச்சி பெற்றாயிற்று, அல்லது இன்னும் பெறவில்லை. இது வெளிநாட்டுக் கனவு அல்ல. என்.வி.கியூ. எனப்படும் நமது தேசிய தொழிற்தகைமை அப்படித்தான் வழங்கப்படுகிறது. மின்னிணைப்பின் நிலக்கம்பியை 35 வீதம் சரியாகப் பொருத்தியவருக்கு யாரும் சான்று கொடுப்பதில்லை. 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்கல்வித் துறை, சாதாரண தரப் பெறுபேறு எதுவானாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு இந்தத் தகைமையின் 4ஆம் மட்டத்துக்குக் கொண்டுபோகிறது. அதாவது கண்டிப்பான அளவுகோல் ஏற்கெனவே நம் பாடசாலைகளுக்குள் இருக்கிறது. "பெயிலான" பிள்ளைகளுக்கென்று அதை ஒதுக்கிவிட்டு, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு 35ஐ வைத்துக்கொண்டிருக்கிறோம்.

தேர்ச்சி பெறும்வரை திரும்பத் திரும்பச் செய்ய விட்டால் சான்றிதழுக்கு மதிப்பு இருக்காது என்கிறார்கள். உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதை இவர்கள் யாரும் எதிர்க்கவில்லை. மாதங்கள் கழித்து முழுப் பரீட்சையையும் மீண்டும் எழுதுவது மதிப்பாம். பிழைத்த இடத்தை இரண்டு வாரத்தில் திருத்திக்கொண்டு வந்து காட்டுவது மலிவாம். இதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

செல்வாக்குப் பற்றிய பயத்தில் மட்டும் ஓரளவு உண்மை உண்டு. வகுப்பு வேலைக்கு ஆசிரியரே புள்ளி போடும் பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் அந்தப் புள்ளி எப்படிப் போடப்பட்டது என்பதை ஆசிரியர்கள் எல்லாரும் அறிவார்கள். அது ஏன் அப்படி ஆனது? அந்தப் புள்ளி சாதாரண தரப் பெறுபேற்றில் சேரவில்லை, அதனால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தாத ஒன்றுக்காக, ஏற்கெனவே வேலைப்பளுவில் மூச்சு முட்டும் ஆசிரியர் படிவம் நிரப்பினார். வெளியிலிருந்து வந்து பார்க்க ஆளே இல்லாததால் கெட்டுப்போன ஒன்றை, செயற்றிட்டமே கெட்டது என்பதற்குச் சாட்சியாக நிறுத்துவது நேர்மையல்ல. சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் இதே பரீட்சைத் திணைக்களம் செயன்முறைப் பரீட்சை நடத்துகிறது. பிள்ளை பாடுகிறது, ஆடுகிறது, பரீட்சகர் முகத்தைப் பார்த்தே புள்ளி போடுகிறார். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் மட்டும் அது முடியாது என்பது சோம்பல்.

இனி அந்தக் "கொழும்புப் பிள்ளை" பேச்சு. மாத்தளையில் செயற்றிட்டத்துக்கு விஷயம் இல்லையா? ரத்தோட்டையிலும் உக்குவளையிலும் மிளகுக் கொடி இல்லாத வீட்டுத்தோட்டத்தைத் தேட வேண்டும். பச்சை மிளகு காய்ந்தால் எடை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிறது. ஒரு லீற்றர் மிளகு எத்தனை கிராம் நிறுக்கிறது என்பதை வைத்து வியாபாரி தரம் பிரிக்கிறார். ஒரு பிள்ளை வெவ்வேறு நாள் பறித்த மிளகை உலர்த்தி, நிறுத்து, வரைபு கீறி, எப்போது பறித்தால் வீட்டுக்கு இலாபம் என்று கணக்கோடு நிறுவட்டும். விகிதமும் சதவீதமும் அளவீட்டு வழுவும் அதில் இல்லையா? கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளத் துண்டை இன்னொரு பிள்ளை எடுக்கட்டும். எத்தனை நாளுக்கு முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழுந்தது, எத்தனை நாளுக்கு அரைப் பேர், ஊழியர் சேமலாப நிதிக்குத் தாயிடம் 8 வீதம் சரியாகப் பிடித்தார்களா, நிர்வாகம் தன் 12 வீதத்தைக் கட்டியதா என்று ஆறு மாதத்துக்குப் பார்த்து, தமிழில் அறிக்கை எழுதி, கேள்வி கேட்பவர் முன்னால் நின்று பதில் சொல்லட்டும். இதைச் செய்துகாட்டிய பிள்ளைக்குக் கணிதம் தெரியாது என்று சொல்லும் துணிவு யாருக்கு இருக்கிறது? அந்தப் பிள்ளையின் வீட்டில் இருக்கும் அறிவை வினாத்தாள் ஒருநாளும் கேட்டதில்லை.

வசதியுள்ளவர்களுக்குத்தான் இது சரிவரும் என்பதும் பொய். நியூயோர்க்கின் கிழக்கு ஹார்லெம் வறிய மக்கள் வாழ்ந்த பகுதி. அங்கே 1985இல் டெபோரா மெயர் தொடங்கிய சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் இடைநிலைப் பாடசாலையில், மாணவர் 14 வேலைத் தொகுப்புகளை முடிக்க வேண்டியிருந்தது. அவற்றில் ஏழு தொகுப்புகளை ஒரு குழுவின் முன் வாய்மொழியாக விளக்கி நிலைநாட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் வெளியேறும் சான்றிதழ் கிடைத்தது.

கடைசியாக வருவது "எழுபதுகளிலேயே பார்த்துத் தோற்றோம்" என்ற பேச்சு. 1972 சீர்திருத்தம் உள்ளூர்த் தொழில்களைப் பாடமாக்கியது, தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரத்தை அறிமுகப்படுத்தியது. அதன் முதல் பரீட்சை நடந்தது 1975இல். 1977இல் ஆட்சி மாறியதும் பழைய சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் திரும்பிவிட்டோம். இரண்டு வருடத்தில் ஒரு கல்விமுறை தோற்றதா வென்றதா என்று யாரால் அளந்திருக்க முடியும்? அது தோற்கடிக்கப்பட்டது.

இதை எதிர்ப்பவர்களிடம் நான் கேட்பது ஏளனம் அல்ல, வேலை. கணிதத்தில் தேர்ச்சி என்றால் என்ன என்பதை, ஒரு தோட்டத் தொழிலாளி படித்து விளங்கிக்கொள்ளும் தமிழில், இரண்டு பக்கத்தில் எழுதித் தாருங்கள். மாத்தளையிலேயே ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மிளகுச் செயற்றிட்டத்தைப் பார்க்க அங்கிருந்து ஒருவரை அழையுங்கள். லக்கலைக்கு வெளிப் பரீட்சகர் போய்வரும் வாகனச் செலவை மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் கேளுங்கள். அந்தச் செலவு பெரியது, ஆள் போதாது என்று வாதாடினால் உட்கார்ந்து பேசலாம். எங்கள் பிள்ளைக்கு இது எட்டாது என்ற பேச்சை மட்டும் இனி எங்கள் பிள்ளைகளின் முன்னால் பேசாதீர்கள்.