நெல் வயலுக்கு எதற்கு ஆன்டிபயாடிக்?

வடகிழக்குப் பருவமழை காற்றோடு பெய்து ஓய்ந்தபின், சம்பா நெல்லின் இலை நுனியும் ஓரமும் வைக்கோல் நிறத்தில் காயத் தொடங்கும். திருப்பருத்திக்குன்றம் முதலான காஞ்சிபுரம் சுற்று வட்டார விவசாயிகள் பாக்டீரியா இலைக்கருகலை நன்கு அறிவார்கள். உடனே கடைக்குப் போய், பூஞ்சாண மருந்தோடு ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலந்த பொட்டலமும் வாங்கித் தெளிப்பது நம் வழக்கம். இனி அது வேண்டாம்.

காரணம், இரண்டுமே மனிதருக்கான மருந்துகள். 1943-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின்தான் காசநோயைக் கட்டுப்படுத்திய முதல் ஆன்டிபயாடிக். வயலில் தெளிக்கும்போது, மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமிகளில் மருந்தைத் தாங்குபவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. அந்தத் திறனைப் பிற கிருமிகளுக்கும் கடத்துகின்றன. பிறகு நம் வீட்டில் ஒருவர் நோயில் படுக்கும்போது மருந்து கைவிட்டுவிடலாம். அதனால்தான், 2024 ஜனவரி 1 முதல் இவ்விரண்டையும் பயிருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது.

கண்ணெதிரே பயிர் காயும்போது சும்மா இருக்க முடியுமா என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. முதலில் நோயை உறுதி செய்யுங்கள். பாதித்த இலையை வெட்டி, வெட்டுமுனையைக் கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் நிறுத்துங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற கலங்கல் வழிந்தால் அது பாக்டீரியா. குலைநோயும் இலையுறைக் கருகலும் பூஞ்சாணத்தால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் தெளிப்பது வீண் செலவு.

நோய் உறுதியானால் யூரியா மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள். வயல் நீரை வடியுங்கள். அந்த நீர் பக்கத்து வயலுக்குப் பாய விடாதீர்கள். லிட்டருக்கு 20 கிராம் புதிய பசுஞ்சாணம் கரைத்து, தெளியவைத்து வடிகட்டி, 15 நாள் இடைவெளியில் இருமுறை தெளிக்கலாம். அடுத்த பருவத்தில் நாற்றின் நுனியைக் கிள்ளி நடாதீர்கள். அந்தக் காயம் வழியாகவே கிருமி நுழைகிறது. நோயைத் தாங்கும் ரகம் தேர்ந்தெடுங்கள். 2008-ல் வெளியான மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி அப்படிப்பட்டது.

மாட்டுத் தொழுவத்திலும் இதே கவனம் தேவை. பென்சிலின் வகை மருந்து சிலருக்கு ஒவ்வாமை தரும். டெட்ராசைக்ளின் சிறு குழந்தைகளின் பல்லில் கறை ஏற்படுத்தும். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் வகை, ஊசியாகப் போடும்போது செவியையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். ஆகவே மடிநோய்க்குப் பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொன்ன நாள் வரை முழுமையாகக் கொடுங்கள். மருந்துச் சீட்டில் குறித்துள்ள விலக்கு நாள் முடியும்வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள். குறிப்பு இல்லாவிட்டால், சட்டப்படி பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். கோழிக்கும் மாட்டுக்கும் கொலிஸ்டின் கொடுப்பது 2019 ஜூலை முதலே தடை செய்யப்பட்டிருக்கிறது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய துண்டுப் பிரசுரங்களில் ஸ்ட்ரெப்டோமைசின் பரிந்துரை இன்னும் இருக்கிறது. முதலில் அதை அடித்துவிட்டு, டம்ளர் சோதனையை வயலிலேயே செய்து காட்டுங்கள். மாற்று வழி தெரியாத விவசாயியிடம் தடையை மட்டும் சொல்லி வருவதால் பயனில்லை.