பத்திக்கும் ஒரு முகவரி வேணும்: குறிப்பெடுக்கும் மருத்துவர்களுக்கு ஒரு த்ரெட்

1/ கோவில்பட்டி கரிசக்காட்டுல மழை விழுந்து உளுந்து, பாசி, மக்காச்சோளம்னு களையெடுப்பு தொடங்கினா பாம்புக்கடியும் வரும். இந்தப் பக்கம் வேலை பார்க்கிற டாக்டர் யார்கிட்டயும் அதுக்கு ஒரு குறிப்பு கைவசம் இருக்கும். இந்த த்ரெட் அந்தக் குறிப்பை எப்படி வச்சிருக்கணும்னு.

2/ உதாரணத்துக்கு ஒரு பத்தி: விஷமுறிவு மருந்தின் அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றே. பாம்பு செலுத்துற விஷம் ஆளைப் பார்த்துக் குறையறதில்லை. இந்தப் பத்தி அவசர சிகிச்சை ஃபைல்லயும் வேணும், குழந்தைகள் ஃபைல்லயும் வேணும். பெரும்பாலானவங்க பண்றது காப்பி, பேஸ்ட்.

3/ ஆபத்து அங்கதான். நாளைக்கு வழிகாட்டுதல்ல ஒரு வரி மாறினா ஒரு காப்பியைத் திருத்துவோம். இன்னொண்ணு பழசாவே கிடக்கும். ராத்திரி 2 மணிக்கு டூட்டியில இருக்கிற பயிற்சி டாக்டர் எதைத் திறப்பார்னு சொல்ல முடியாது.

4/ அதனால காப்பி வேண்டாம், இணைப்பு கொடுங்க. முழு ஃபைலுக்குக் கொடுத்தா நாற்பது பத்தியைத் தள்ளித் தள்ளித் தேடணும். குறிப்பிட்ட பத்திக்கே கொடுக்கணும்.

5/ வெறும் டெக்ஸ்ட் ஃபைல்ல பத்திக்குன்னு முகவரி கிடையாது. வரி எண்ணை நம்பினா, மேல ஒரு வரி சேர்த்ததும் எல்லாம் நகர்ந்துடும்.

6/ திருக்குறளை எடுத்துக்கோங்க. மேடையில 948னு சொன்னா போதும், எந்தப் பதிப்புலயும் 'மருந்து' அதிகாரத்துக் குறளைப் புரட்டிடலாம். ஆனா இந்த எண் பரிமேலழகர் வரிசைப்படி வந்தது. மணக்குடவர் உரையில குறள் வரிசை பல இடத்துல வேற. எல்லாரும் ஒரே வரிசைக்கு ஒத்துக்கிட்டதால எண் நிலைச்சுது. நம்ம குறிப்போ வாராவாரம் வரிசை மாறும்.

7/ ஆகவே முகவரி இடத்துக்கு இல்லாம பத்திக்கே இருக்கணும். பத்தி எங்க போனாலும் கூடவே போகணும்.

8/ அப்சிடியன்ல இது சுலபம். பத்தியோட கடைசியில ^0417 மாதிரி ஒரு குறி போடுங்க. இன்னொரு ஃபைல்ல இரட்டைச் சதுர அடைப்புக்குள்ள ஃபைல் பெயர், அடுத்து #^0417. முன்னாடி ஒரு ! சேர்த்தா அந்தப் பத்தியே அங்க தெரியும். மூலத்தைத் திருத்தினா எல்லா இடத்துலயும் மாறிடும். ஒரு குறை: குறியில லத்தீன் எழுத்து, எண், சிறுகோடு மட்டும்தான். தமிழ்ல வைக்க வழியில்லை. நான் எண்ணையே வச்சுக்கிறேன்.

9/ "வெறும் டெக்ஸ்ட்டோட பெருமையே எந்த மென்பொருளையும் நம்பாம இருக்கிறது, இந்தக் குறி அதைக் கெடுக்குது"ன்னு ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. சொடுக்கினா போறது அந்த மென்பொருளுக்குள்ள மட்டும்தான். ஆனா குறி எழுத்தாவே ஃபைலுக்குள்ள இருக்கு. மென்பொருள் நாளைக்கே மூடினாலும் நோட்பேடுல 0417னு தேடினா பத்தி கிடைக்கும். முகவரியைத் தன் தரவுத்தளத்துக்குள்ள ஒளிச்சு வைக்கிற செயலி மூடினா இணைப்பும் சேர்ந்து போயிடும். என் அளவுகோல் இது ஒண்ணுதான்.

10/ எல்லாப் பத்திக்கும் குறி போட்டா குறிப்பு குப்பையாகிடும். தப்பானா உயிருக்கு ஆபத்தான பத்திகளுக்குப் போடுங்க: மருந்தளவு, 20 நிமிட ரத்த உறைவுப் பரிசோதனை, அதை 6 மணி நேரம் கழிச்சு மறுபடி பார்க்கிறது. கீழயே கடைசியாச் சரிபார்த்த தேதி. நோயாளி பெயர் எங்கயும் வேண்டாம்.

11/ இந்த த்ரெட்டையே பாருங்க. ஒவ்வொரு பதிவுக்கும் தனி இணைப்பு இருக்கு. 10 மட்டும் போதும்னா அதை மட்டும் உங்க வார்டு குரூப்புல போடலாம். சமூக ஊடகத்துல பேசுற பேச்சுக்கே இந்த வசதி இருக்கும்போது, உயிர் காக்குற குறிப்புக்கு இல்லாம இருக்கலாமா?