முதல்ல தண்ணி, அப்பறம் செமினார்

போன ஆகஸ்ட் லீவுக்கு கம்பஸிலிருந்து வீட்டுக்குப் போயிருந்த நேரம், எங்க டிவிஷன் வாசிகசாலையில மாடு வளர்க்கிறவங்களுக்கு ஒரு செமினார் நடந்தது. நமுனுகுல மலையடியில இருக்கிற டிவிஷன். வந்திருந்த அதிகாரி இரண்டு மணித்தியாலம் பேசினார். உங்க மாடு பால் குறைவா கறக்குது, ஏன்னா உங்களுக்கு வளர்க்கத் தெரியல. சுருக்கமா சொன்னா அவ்வளவுதான். தீவனம் கூட வைங்க, நல்ல ஜாதி மாடு வாங்குங்க, அதுக்கு லோன் இருக்கு. கடைசியா, பால்ல தண்ணி கலக்காதீங்க என்று ஒரு அறிவுரை. எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா மட்டும் பக்கத்துல இருந்த அக்காகிட்ட மெதுவா சொன்னாங்க: "பீலியில தண்ணி வந்தாத்தானே கலக்குறதுக்கு."

அந்த இரண்டு மணித்தியாலத்துல, ஒரு மாடு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கணும் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லல. ஆகவே நான் சொல்றேன்.

பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். ஒரு லீட்டர் பால் கறக்கிற மாட்டுக்கு சுமார் 4, 5 லீட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். நாளைக்கு 8, 10 லீட்டர் தரும் எங்க கலப்பின மாட்டுக்கு 50 லீட்டர் வரை வேணும், வெயில் ஏறினா இன்னும் கூடும். மழை மாசத்துல பச்சைப்புல்லிலேயே முக்கால் பங்கு தண்ணிதான். மாடு வாளியைத் திரும்பியும் பார்க்காது. காய்ந்த மானாப்புல் போடுகிற மாசத்துல அப்படியில்ல. அத்தனையையும் குடிச்சே ஆகணும்.

எங்க லெச்சுமிக்கு அந்த மாசம் கிடைத்தது காலையில ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி. இரண்டும் சேர்ந்து 25 லீட்டர் வராது. மாடு அதிகமாத் தண்ணி தேடுவது கறந்து முடிந்த கையோட. அந்த நேரத்துல அம்மா பெரட்டுக்கு ஓடணும். பின்னேரம் மலையிலிருந்து வரும் வரைக்கும் அது காய்ந்துகொண்டுதான் நிற்கும்.

தண்ணி குறைந்தா மாடு தீனியைக் குறைக்கும். முதல் இரைப்பையில தீனி ஊறி நொதிக்கிறதுக்குத் தண்ணி வேணுமே. பிறகு பால் இறங்கும். சாணி கட்டியாகும், கண் உள்ளே போகும், கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டா சட்டென்று படியாது. லெச்சுமி புண்ணாக்கை முகர்ந்து பார்த்துட்டு அப்படியே விட்டுச்சு. இன்றைக்குப் புண்ணாக்கு விற்கிற விலைக்கு! தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காம தீவனத்தைக் கூட்டச் சொல்றது, காசைக் கான்ல போடச் சொல்றது மாதிரி.

எங்க பக்கத்துக்கு இதுல இன்னொரு கொடுமை இருக்கு. தென்மேற்குப் பருவக்காற்று மழையை அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குக் காய்ந்த காற்றாகத்தான் வரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அடிக்கும் அந்தக் காற்றுதான் ஊவா தேயிலைக்கு அதன் பேர்போன மணத்தைக் கொடுக்குது. கொழும்பு ஏலத்துல அதுக்குத் தனி மதிப்பு. அதே காற்றுதான் எங்க ஊற்றையும் வற்ற வைக்குது. மணத்துக்கு விலை போட ஆள் இருக்கு. வற்றின ஊற்றுக்கு?

"மனுசருக்கே தண்ணி இல்ல, மாட்டுக்கா?" என்று கேட்பாங்க. எங்க ஆட்களே கேட்டாங்க. நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனா மாட்டுக்கும் மனுசருக்கும் அதே பீலியிலிருந்துதான் தண்ணி வருது, தூக்கிற கையும் ஒன்றுதான். நாள் முழுக்கக் கொழுந்தெடுத்த பொம்பளையோட கை. வீட்டுக்கே போதாத லைனை வைத்துக்கொண்டு மாட்டையும் வாங்கச் சொல்றதுதான் அநியாயம்.

லைனைப் பெருசாக்கவும் எங்களால முடியாது. 1992ல நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, நிலம் அரசாங்கத்தோடது. ஊற்றிலிருந்து ஒரு ஹோஸ் இழுக்கணும் என்றாலும் தொரையைக் கேட்கணும். பிரதேச சபையிடம் போகலாமே என்பீங்க. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டங்களுக்குச் செலவழிக்க விடாமல் வைத்திருந்தது. அதைத் திருத்த 2018 வரை ஆனது. ஓட்டு மட்டும் அதுக்கு முன்னாடியே கேட்டு வந்தாங்க.

மேலேயும் இதே புத்திதான். 2017ல அவுஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து சுமார் 5,000 மாடுகளைக் கப்பலில் இறக்கினாங்க. பல செத்துப்போச்சு, சொன்ன அளவு பால் வரல என்று வாங்கின பண்ணையாளர்கள் கடனோட நின்றாங்க. அதுக்கெல்லாம் தண்ணிதான் காரணம் என்று நான் சொல்ல வரல, நோய் உட்பட வேற காரணங்களும் பேசப்பட்டன. ஆனா மாட்டை முதலில் வாங்கு, அது வாழ்கிற இடத்தை அப்பறம் பார்ப்போம் என்ற அந்த யோசனைதான் எங்க வாசிகசாலை வரைக்கும் வந்திருக்கு. நாலு வருசம் கழித்துக் கொழும்பில பால்மாவுக்குக் கியூ நின்றபோது, உள்ளூர்ப் பாலை உயர்த்துவோம் என்று மறுபடி பேச்சு கிளம்புச்சு.

நாங்க கேட்கிறது பெரிய விசயமில்ல. ஊற்றுக்குக் கீழே மழை மாசத்துல நிரம்புற ஒரு தாங்கி, பட்டி வரைக்கும் ஒரு பைப், தொட்டியில தானா நிரம்பி நிற்க ஒரு மிதவை வால்வு. ஒரு சீமை மாட்டு விலையில எத்தனை பட்டிக்கு இதைச் செய்யலாம் என்று அந்த அதிகாரியே கணக்குப் போடட்டும்.

செமினார் முடிந்து லோன் படிவம் குடுத்தாங்க. மாட்டோட ஜாதி, வயசு, எத்தனையாம் கன்று, பிணை நிற்க இரண்டு பேர், எல்லாம் கேட்டிருந்தது. தண்ணி எங்கிருந்து எடுப்பீங்க என்று ஒரு வரி இல்ல. அம்மா அதை மடித்து சாமிப்படத்துக்குப் பின்னால வைத்தாங்க. இன்னும் நிரப்பல.